மாமனாருக்கு ஒதுக்கிய அபராதப் பாடம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணமே நீங்கள்தான் என்பதால் உங்கள் சௌக்கியத்தை இந்தக் கடிதத்தில் நான் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்ததாக நினைத்துக்கொண்டு மேலே படிக்கவும். என் மகளை விசாரித்ததாகச் சொல்லவும். அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டாள், தெரியும். இருந்தாலும் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதிக்கு எங்கள் இருவருக்கும் நீங்கள் எடுத்து அனுப்பிய விமான டிக்கெட்டில் என்னுடையதை ரத்து செய்துவிடவும். உங்கள் அத்தை மட்டும் வருவாள். ரத்து செய்தால் பிடித்தம் உண்டு என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பிடித்தத்துக்கு ஸ்பானிஷில் பெனாலிஸாஸியோன் என்று பெயர். நீங்கள் அனுப்பிய பாடத்தில் நாற்பத்தோராவது வார்த்தை. ஆக, நான் படிக்காமல் இல்லை. படித்ததனால்தான் வரவில்லை என்கிறேன்.

நீங்கள் இருக்கிற ஊரில் ஸ்பானிஷ் தெரியாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, அதனால் வருவதற்கு முன் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வாருங்கள் என்று புத்தகம் அனுப்பினீர்கள். நல்ல எண்ணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்சலைப் பிரித்தால் புத்தகம் இரண்டாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அத்தையின் பெயர் எழுதிய உறையில் பத்தொன்பது பாடங்கள். வணக்கம் சொல்வது, பழம் வாங்குவது, பூ வாங்குவது, மழை வருமா என்று கேட்பது, பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தையைக் கொஞ்சுவது, துணிக்கடையில் நிறம் சொல்வது. என் உறையில் ஒரே ஒரு பாடம். பதினான்காவது. தலைப்பு, அபராதங்களும் தண்டத் தொகைகளும். அறுபத்திரண்டு வார்த்தை, பதினெட்டு வாக்கியம், நான்கு பக்கத்தையும் சேர்த்து ஒரு பின் அடித்து, மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘மாமாவுக்கு இது ஒன்று போதும்.’ நான் கேட்கிறேன், எந்த அர்த்தத்தில் போதும்? உங்கள் ஊருக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாக நான் போய் ஏதாவது சட்டத்தை மீறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன் என்று முடிவே கட்டிவிட்டீர்களா? உங்கள் அத்தை ரோஜாவுக்கு விலை கேட்டுக்கொண்டு திரிய, நான் மட்டும் குற்றவாளியாகவே ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுமா?

இதில் இருக்கும் நடைமுறைச் சிக்கலை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. பசித்தால் சொல்லத் தெரியாது. கழிவறை எங்கே என்று கேட்கத் தெரியாது. புல்தரையில் கால் வைத்ததற்கு எவ்வளவு, அதை எந்த ஜன்னலில் கட்ட வேண்டும், இப்போதே கட்டினால் குறைப்பார்களா என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆகவே எனக்குத் தாகம் எடுத்தால் இருக்கிற ஒரே வழி, எதையாவது உடைத்து, பிடிபட்டு, அழைத்துக்கொண்டு போய் உட்கார வைக்கிற இடத்தில் அவர்களாகப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தால் குடிப்பதுதான். உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லி அங்கலாய்த்தேன். அவள் தொட்டிச் செடியிடம் ஸ்பானிஷில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் என் பக்கம் திரும்பி, என்னிடம் கேட்டுத்தான் பாருங்களேன், நான் வாங்கித் தருகிறேன் என்றாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் குரலில் ஓர் அதிகாரி தெரிந்தார்.

போகட்டும், அபராதம் என்றால் எனக்கு என்னவென்று தெரியாதா? மாப்பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிப்போவில் எனக்கு ‘ரசீது’ என்றே பெயர். ரசீது வருகிறார் என்று கண்டக்டர் கண்ணைக் காட்டினால் பின்படியில் நிற்பவர்கள் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் விட்டதில்லை. என் மேலதிகாரியின் மைத்துனரை விட்டதில்லை. எனக்குப் பல் பிடுங்கிய டாக்டரை, வாயில் பஞ்சோடு, அன்றைக்கே பிடித்திருக்கிறேன். பஞ்சு என் வாயில். இப்படிப்பட்டவனுக்கு அபராதப் பாடம் அனுப்புவது நக்கல் இல்லாமல் வேறென்ன?

நக்கல்தான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், எதைக் குத்திக்காட்டுகிறீர்கள் என்பதும் தெரியும். ஒளிப்பானேன், நேராகவே எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் மகள் முதல் வேலைக்கு நேர்காணல் போகிற அவசரத்தில் பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினாள். அந்த வண்டியில் பரிசோதனைக்கு ஏறியவன் நான். அவள் சொன்னாள், ‘அப்பா, பாஸ் மேஜை மேல இருக்கு, காலைல நீங்களே பாத்தீங்க.’ பார்த்தேன். காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் பாஸ் பயணியின் கையில் இருக்க வேண்டும், பரிசோதகரின் ஞாபகத்தில் இருந்தால் போதாது. விதி அது. ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். அவளிடம் அவ்வளவு பணம் இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது. பரிசோதகரே பயணிக்காக அபராதம் கட்டினால் அது என்ன பரிசோதனை? கட்டாதவரை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட வேண்டும் என்பதும் விதி. இறக்கத்தான் போனேன். அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து பணத்தை நீட்டினார். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பணம் கட்டியவர் பெயர், விலாசம் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதியதே நான்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க எத்தனையோ பேர் எங்கெங்கோ அலைகிறார்கள், அபராத ரசீது கிழித்து மாப்பிள்ளை பிடித்த மாமனார் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்காவது நீங்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் உங்கள் அத்தையிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ‘யாரோ கட்டினாரும்மா, இவர் கட்டல.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு வருடமாக என்னிடம் அவள் பேசுவதெல்லாம் ‘அம்மாகிட்ட குடுங்க’ என்ற இரண்டு வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் அடித்தவுடன் ஓடிப்போய் எடுப்பவன் நான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவேன். இப்போது நீங்கள் டிக்கெட் எடுத்து அனுப்பியபோது, சரி, அவளும் சம்மதித்துத்தானே இருப்பாள், வருகிறேன், மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தால் உப்பு எங்கே என்றாவது கேட்க மாட்டாளா என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதுச் சட்டைகூட இரண்டு தைக்கக் கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் பதினான்காம் பாடம் வந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அதைத் தபால் செலவு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

இருந்தும் நான் படிக்காமல் விடவில்லை. கொடுத்த வேலையைச் செய்யாமல் விட்டு எனக்குப் பழக்கம் கிடையாது. சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது, கீழேயிருந்து நீராவி வந்துகொண்டே இருக்கும், போர்டில் எழுதியது பத்து நிமிஷத்தில் வழிந்துவிடும். என்னோடு சேர்த்து ஏழு பேர். டீச்சருக்கு என் மகள் வயது. முதல் நாளே என் பாடத்தைப் பார்த்துவிட்டு, நாம் இதை நடித்தே படிக்கலாம் சார், நான் அதிகாரி, நீங்கள் பிடிபட்டவர் என்றார். நான் பிடிபட மாட்டேன் என்றேன். பாடத்துக்காகத்தானே சார் என்றார். சரி என்று எழுந்து நின்றேன். முல்தா, அதாவது அபராதம், அதைக் கட்டுங்கள் என்று கையை நீட்டினார். நான் உடனே அவருடைய அடையாள அட்டையைக் கேட்டேன். ரசீதுப் புத்தகத்தின் வரிசை எண்ணைக் கேட்டேன். கார்பன் தாள் எங்கே என்றேன். ரசீது இல்லாமல் கை நீட்டுவதற்கு அபராதம் என்று பெயரில்லை, வேறு பெயர் என்றேன். இதையெல்லாம் தமிழில் கேட்டதால் கணக்கில் வராது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வாக்கியங்களுக்கு வந்தோம். பெர்தோன், நோ லோ ஸபீயா. மன்னியுங்கள், எனக்குத் தெரியாது. எஸ் லா ப்ரிமேரா வேஸ். இதுதான் முதல் தடவை. புவேதோ பகார் மன்யானா. நாளைக்குக் கட்டலாமா? மாப்பிள்ளை, இந்த மூன்றையும் முப்பத்தொரு வருடம் வேலை நாள் ஒவ்வொன்றிலும் கேட்டவன் நான். ஒரு தடவைகூட நம்பியதில்லை. நானே நம்பாத ஒன்றை நான் எந்த முகத்தோடு சொல்வது என்று டீச்சரைக் கேட்டேன். அவர் சலித்துப்போய், ‘பொய்யாவே சொல்லுங்க சார், உச்சரிப்பு வந்தாப் போதும்’ என்றார். சரி, இவருக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் நிற்கட்டும் என்று மறுநாள் என்னை அதிகாரியாக்கினார். பத்தே நிமிஷம். ஆறு பேருக்கும் டீச்சருக்கும் சேர்த்து ஏழு ரசீது கிழித்தேன். அவர்களில் பேக்கரிக்காரர் ஒருவர் தாமதமாக வந்தார், அதற்குத் தனியாக இன்னொன்று எழுதினேன். நர்ஸ் அம்மா ஒருவர் நிஜமாகவே கோபித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். அத்தோடு டீச்சர் என்னிடம், நீங்கள் கொஞ்ச நாள் வீட்டிலிருந்து படியுங்கள் சார், பஸ்ஸில் வரும்போது போகும்போது வாய்க்குள்ளே சொல்லிப் பாருங்கள், சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று வழியனுப்பி வைத்தார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. இந்த வயதில் அதுவும் உங்கள் புண்ணியத்தில் ஆயிற்று.

இனிமேல்தான் முக்கியமான கதை. இதைப் படிக்கும்போது சிரித்தீர்களானால் அது எனக்கு எப்படியும் தெரிந்துவிடும். போன சனிக்கிழமை வகுப்புக்குப் போக பஸ் ஏறி, டீச்சர் சொன்னபடியே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பெர்தோன், நோ லோ ஸபீயா. பன்னிரண்டு நாளாக அதே தியானம். குளிக்கும்போது அது, சாப்பிடும்போது அது. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பரிசோதகர் ஏறினார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வணக்கம் சொன்னார். பிறகு முறைப்படி கையை நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஆசிரியர் என்பதற்காக விட்டுவிடவில்லை பார்த்தீர்களா என்று நினைத்துக்கொண்டே, ஓய்வு பெற்ற ஊழியர்களுக்குக் கொடுக்கிற இலவச பாஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், ‘சார், இது முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு’ என்றார்.

வருடத்துக்கு ஒரு தடவை டிப்போவுக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டியது. மறந்து போயிற்று. ஏன் மறந்தது? எந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்ததால் மறந்தது? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? பெர்தோன். நோ லோ ஸபீயா. எஸ் லா ப்ரிமேரா வேஸ். புவேதோ பகார் மன்யானா. வரிசை மாறாமல், உச்சரிப்புப் பிசகாமல், கண்ணில் தண்ணீர் முட்ட. பொய்யாகச் சொன்னபோதெல்லாம் வராத உச்சரிப்பு அப்போது வந்தது. நிஜமாகவே எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. நிஜமாகவே அதுதான் முதல் தடவை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ‘காரணத்தைக் கேக்கலாம், ஏத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க’ என்று ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பயிற்சியில் ஏதாவது குறை வைத்திருக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டைப் பையில் கை விட்டால் பணம் இல்லை. இரண்டு காசு இருந்தது, பர்ஸ் பழைய சட்டையில், நான் போட்டிருந்தது உங்கள் ஊருக்காகத் தைத்த புதுச் சட்டை. பஸ் முழுக்க என்னையே பார்த்தது. என் ஸ்பானிஷைக் கேட்டு நான் வெளிநாட்டுக்காரன் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் சைகையில் எனக்கு அபராதம் என்றால் என்னவென்று விளக்கினார், எனக்கு. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர், பாவம், ஊருக்குப் புதுசு என்று சொல்லி, தன் பணத்தை எடுத்துப் பரிசோதகரிடம் நீட்டிவிட்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார். என்னை விடுங்கள், அந்தப் பெண்ணாவது இவர் நம்ம சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னை வெளிநாட்டுக்காரனாகவே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். நான் பண்பாடு தெரிந்தவன், உதவி செய்தவருக்கு வாய் திறந்து நன்றி சொல்லாமல் இறங்கக் கூடாது என்று, ‘ரொம்ப நன்றிங்க, விலாசம் குடுத்தா நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்’ என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். தமிழ் தெரிந்துகொண்டேவா இத்தனை நேரம் நடித்தாய் என்று பஸ்ஸே என் மேல் பாய்ந்தது. இடம் கொடுத்தவர் இடத்தைத் திரும்பக் கேட்டார். ஹெல்மெட்காரர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடத்தில் இல்லாத நிறைய வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன்.

அங்கே நிழற்குடை பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குப் போகவில்லை. பணம் பெரிய விஷயமே இல்லை, மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையே டிப்போவில் போய்க் கேட்டு ஹெல்மெட்காரரின் விலாசத்தை ரசீதிலிருந்து எடுத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் நம்மைத் தெரிந்தவர் பேசாமல் எழுதிக்கொண்டிருக்க, தெரியாதவர் பணம் கட்டுவதை நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அறுபது வயதில் எனக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? என் மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. அதைச் சொல்லிக் காட்டத்தானே இந்தப் பாடத்தை அனுப்பினீர்கள்? பார்த்தாயிற்று, படித்தாயிற்று, தேர்வும் எழுதியாயிற்று. போதும். இத்தனை குத்தல் உள்ள மாப்பிள்ளையின் வீட்டுக்கு நான் வருவதாக இல்லை. முடிவாகச் சொல்கிறேன், இதில் இனிப் பேச்சில்லை. நான் விதியை மாற்றினதும் இல்லை, மாற்றப் போவதும் இல்லை.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் பெரியவன் என்ற முறையில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கையில் செல்லுபடியாகும் பாஸோடு, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர்)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது உங்கள் அத்தை வந்து படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையை எதற்கு இந்தக் காய்ச்சு காய்ச்சுகிறீர்கள், அந்தக் குறிப்பை எழுதினது மட்டும்தான் அவர், புத்தகத்தைக் கிழித்துப் பிரித்ததே உங்கள் மகள்தான் என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறாள். மகள் போனில் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: ‘அப்பாவுக்கு அந்த ஒரு பாடம் போதும்மா. தண்ணி, சாப்பாடு, வழி கேக்கறது, மத்த எல்லாத்துக்கும் நான் கூடவே இருப்பேன். நான் பேசிக்கறேன். அபராதம் போட்டா மட்டும் அவரே பேசிக்கட்டும்.’

ஆகையால் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். செய்துவிட்டிருந்தால் மறுபடியும் எடுக்கவும், பெனாலிஸாஸியோன் என்னுடையது. உங்களைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படிக்காமல் விட்டுவிடவும், படித்திருந்தால் மறந்துவிடவும். என் மகளிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லவும். பதினான்காம் பாடத்தில் அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது இருக்கிறது, தவணை கேட்பது இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. ஆனால் அபராதம் போட்டவனே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால் என்ன சொல்ல வேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உங்கள் மனைவியே சொன்னால் நல்லது, போனை நான்தான் எடுப்பேன். ஸ்பானிஷில்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. எனக்கு அது தமிழிலேயே தெரியாது.